கோட்டக்கல் பி. எஸ். வாரியர்

பெரியார்களின் சரிதங்களை மலருக்கென நாம் தெரிந்தெடுக்கும்போது சமயாசாரியர்களிடத்தும் புலவர்களிடத்தும் அரசியல் தலைவர்களிடத்துமே எமது மனம் முதலிற் செல்கின்றது. கடை வைத்து வாணிகஞ் செய்த ஒருவரைப் பெரியாரென்று சொல்ல எமக்குச் சிறிது தயக்கம் உண்டு. மருந்து விற்றவர் என்றால் அத்தயக்கம் இன்னும் அதிகமாகும். நோயாளியின் பணத்திலே வாழ்ந்தவர்தாமே என்று எண்ணிவிடுவோம். அந்த எண்ணத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, மலையாள நாட்டிலே கோட்டக்கல் என்னும் சிற்றூரில் மருந்துச்சாலை ஒன்றை ஆரம்பித்து, அதன் வருவாயையெல்லாம் ஊருக்கே திருப்பிக்கொடுக்க வழி செய்துவிட்டுச் சென்ற வைத்தியரத்தினம் பி. எஸ். வாரியர் அவர்களின் வாழ்க்கையை இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கொழும்பு வாழ் தமிழர்க்கு மலையாள நாடு தூரமானதன்று. 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வெள்ளவத்தை நெசவாலையிலே மலையாளத் தொழிலாளர் பெருந்தொகையினராக வேலை செய்தனர். அவர்கள் நடந்த தெருக்களிலேதான் கிருலப்பனையிலும் பாமங்கடையிலும் இருக்கும் எமது இளைஞர் இன்று நடக்கின்றனர். அரிஷ்டம், ஆசவம், தைலம், கிருதம் என்ற பெயர்களும் எமக்குப் புதியனவல்ல. எனினும் இவற்றைப் போத்தலில் அடைத்து, மேலே சீட்டு ஒட்டி, எந்த ஊரவரும் வாங்கக்கூடியதாகச் செய்தது யார் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அப்படிச் செய்தவர்களுள் முன்னணியில் நின்றவர் இவர்.

பன்னியின்பள்ளி சங்குண்ணி வாரியர் என்பது அன்னாரின் முழுப்பெயர். 1869ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆந் திகதி கோட்டக்கல்லிலே பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் சென்னை மாகாணத்தின் மலபார் சில்லாவைச் சேர்ந்தது. இன்று கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் உள்ளது. சாமூதிரி மன்னரின் குடும்பக் கிளையொன்று அங்கே கோவிலகம் அமைத்து வாழ்ந்து வந்தது. வாரியர் என்பது கோயிற் றொண்டு செய்யும் வகுப்பினரின் பெயர். பூமாலை தொடுத்தலும் திருக்கோயிற் பணிவிடை செய்தலும் அவர்கள் கடமை. ஆலயத்தை அண்டி வாழ்ந்தமையால் வடமொழிப் பயிற்சியும் இசைப் பயிற்சியும் அவர்கள் வீடுகளிலே இயல்பாக இருந்தன. செல்வம் மட்டும் இயல்பாக இருக்கவில்லை.

அந்நாளில் மலையாளத்திலே வைத்தியக் கல்வி என்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்கும் பொருளன்று. அஷ்டவைத்தியர் எனப்படும் சில பழங்குடும்பங்கள் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தை மனனஞ் செய்து தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தன. கற்க விரும்புபவன் அவர்கள் வீட்டிலே தங்கி, குருவுக்குத் தொண்டு செய்து, அவர் நோயாளியைப் பார்க்கும்போது அருகில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். இளைஞரான சங்குண்ணி முதலில் கோணத்து அச்சுத வாரியரிடம் ஆரம்பப் பாடங்களைக் கேட்டார். பின்னர் அஷ்டவைத்தியருள் ஒருவரான குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸ் அவர்களிடம் குருகுலவாசஞ் செய்து முறையாகத் தேறினார்.

தேறிய பின் நேர்ந்த ஒரு துன்பமே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அவருக்குக் கண்ணோய் கண்டது. மஞ்சேரி அரசினர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வர்கீஸ் என்பவரிடம் வைத்தியத்துக்குச் சென்றார். கண் குணமாயிற்று. மற்றொருவராயின் நன்றி கூறிவிட்டு வீடு திரும்பியிருப்பார். இவர் திரும்பவில்லை. ஆங்கில வைத்தியத்தையும் தமக்குக் கற்பிக்குமாறு டாக்டரிடம் வேண்டி, அவரின் கீழ் இருந்து சில ஆண்டுகள் பயின்றார். மூஸ் இல்லத்திலே ஏட்டுக்கல்வி பெற்ற ஒருவர், ஒரு கிறிஸ்தவ டாக்டரிடம் சீடராக நின்றதை அக்காலத்து ஆசாரசீலர் எவ்வாறு கண்டிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மேனாட்டு வைத்தியத்திலே அவரைக் கவர்ந்தவை பல. உடற்கூற்றை அறுத்துப் பார்த்து அறிதல், மருந்தை ஒரே அளவில் ஒரே தரத்தில் செய்தல், செய்த மருந்தை எவருக்கும் எட்டக்கூடிய இடத்தில் வைத்தல் என்பன அவற்றுட் சில. இம்மூன்றையும் பிற்காலத்திலே அவர் ஒவ்வொன்றாக ஆயுர்வேதத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கே, நாட்டு மருந்து எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சிறிது விரித்துச் சொல்வது அவசியம். எமது பாட்டன்மார் காலத்திலே பரியாரியார் நாடி பார்த்துச் சரக்குகளின் பெயரைச் சொல்வார், அல்லது ஒரு துண்டிலே எழுதிக் கொடுப்பார். வேரும் பட்டையும் தேடுவது வீட்டாரின் பாடு. காட்டிலே பிடுங்குவன சில, சரக்குக்கடையில் வாங்குவன சில. பிறகு அவற்றை இடித்து, பதினாறு பங்கு தண்ணீர் விட்டு, எட்டொன்றாய் வற்றக் காய்ச்சி, வடித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் காய்ச்சிய கசாயம் மறுநாளுக்கு உதவாது; மீண்டும் அடுப்பு மூட்ட வேண்டும். நெய்யும் தைலமும் இலேகியமும் நாட்படத் தாங்கும். வெல்லமும் தாதகிப்பூவும் சேர்த்து மூடிவைத்துப் புளிக்கச் செய்யும் அரிஷ்டம் ஆண்டுக்கணக்காகத் தாங்கும். ஆனால் அவற்றைச் செய்யப் பெரிய பாத்திரமும் பல நாளும் பல கையும் வேண்டும். ஆகவே வீட்டிலே ஆட்பலம் உள்ளவனுக்கே நாட்டு வைத்தியம் கிடைத்தது. நோயாளி தனியனாயின், அல்லது கூலிக்குப் போனாற்றான் அடுப்பெரியும் என்ற நிலையினனாயின், பரியாரியாரின் துண்டு துண்டாகவே இருக்கும். மறுபுறத்திலே அரசினர் ஆஸ்பத்திரியில் கலவை மருந்து போத்தலிலே ஆயத்தமாக இருந்தது. மக்கள் எப்பக்கம் சாய்வர் என்று சொல்லவும் வேண்டுமா?

இதனை நன்குணர்ந்த வாரியர் தமது முப்பத்துமூன்றாம் வயதிலே, 1902ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆந் திகதி, கோட்டக்கல்லில் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கினார். நூல் முறைப்படி செய்த கசாயம், அரிஷ்டம், தைலம், கிருதம், குளிகை முதலியவற்றை ஆயத்தமாகச் செய்துவைத்து விற்பதே அதன் நோக்கம். நாட்படத் தாங்காத கசாயத்தையும் தாங்கக்கூடியதாகச் செய்து கொடுத்தமைதான் இவற்றுள் பெரும் புதுமை. பாரதநாடெங்கும் சுதேசிக் கைத்தொழில் துளிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1893இல் பம்பாயிலே நாகேசுவரராவ் பந்துலு அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியிருந்தார். 1901இல் கல்கத்தாவிலே பிரபுல்ல சந்திர ராய் வங்காள இரசாயன மருந்துத் தொழிலைக் கம்பனியாக அமைத்தார். பெருநகரங்களிலே அவர்கள் செய்ததை வாரியர் புகையிரதமும் இல்லாத ஒரு சிற்றூரிலே செய்யத் துணிந்தார். திரூர்ப் புகையிரத நிலையம் அங்கிருந்து பத்து மைலளவில் இருந்தது. 1861இலேயே அங்கே புகையிரதம் வந்துவிட்டது என்பது அவருக்கு வாய்த்த நற்பேறு.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆயுர்வேதம் ஆளுக்கு ஆள் வேறுபடும் வைத்தியம். ஒருவனின் வாதமும் பித்தமும் மற்றவனுடையவை போலிரா. அப்படியிருக்க ஆயிரம் பேருக்கு ஒரே போத்தல் எப்படிப் பொருந்தும் என்று பழைமையில் ஊறிய வைத்தியர் கேட்பது இயல்பே. இந்த ஆட்சேபத்தை நாம் அற்பமாகத் தள்ளிவிட முடியாது. மருந்துக்கடையிலே பெயரைச் சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு வைத்தியரிடம் போகாமலே இருந்துவிடும் வழக்கம் பிற்காலத்தில் எங்கும் பெருகிவிட்டதல்லவா? எனினும் வாரியர் வெறுங் கடைக்காரரல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அவரே நோயாளிகளைப் பார்த்தார். அவர் கடையில் மருந்தும் இருந்தது, மருந்தைத் தெரிந்து கொடுப்பவரும் இருந்தார். கடை பெருகிக் கோழிக்கோட்டிலும் பிற இடங்களிலும் கிளைகள் ஏற்பட்டபோது வைத்தியர் வேண்டுமென்ற தேவையும் கூடவே பெருகிற்று. அந்தத் தேவையே அவரைப் பத்திரிகைக்கும் பள்ளிக்கும் இழுத்துச் சென்றது.

1903ஆம் ஆண்டில் தன்வந்திரி என்னும் மலையாள மாத சஞ்சிகையை வெளியிடலானார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்தது. குடும்ப இரகசியமென்று ஏட்டிலே மறைத்து வைத்திருந்தவற்றைச் சந்தா கட்டுபவர் எவரும் படிக்கக்கூடியதாக அது வெளியிட்டது. தொழிலிலே இலாபங் கருதும் ஒருவர் தம் தொழிலின் மருமத்தை அச்சிட்டு விற்பது நாம் அடிக்கடி காணும் காட்சியன்று. வைத்தியர்களை ஒன்றுகூட்டி ஆரிய வைத்திய சமாஜம் என்னும் சங்கத்தையும் அமைத்தார். 1907இல் சிகிச்சா சங்கிரகம் என்னும் நூலை வெளியிட்டார். எந்த நோய்க்கு எந்த மருந்து, எந்த அளவு, எந்தப் பத்தியம் என்பவற்றை ஒரு கைந்நூலிலே அடக்கியமையால் மலையாள வைத்தியரிடையே அது பெரிதும் வழங்கலாயிற்று.

நாட்டு வைத்தியத்துக்கு அக்காலம் சோதனைக்காலம். 1918இல் சென்னை அரசினர் டாக்டர் கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயும்படி நியமித்தனர். அவர் அறிக்கை நாட்டு வைத்தியத்துக்குச் சாதகமாக அமையவில்லை. வைத்தியர்கள் கொதித்தெழுந்தனர். அதன்மேல் 1921இல் உஸ்மான் குழு ஏற்பட்டது. அதன் பயனாக 1925இல் சென்னையிலே இந்திய வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. எமது கொழும்பிலே பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி 1929இலேதான் ஆரம்பமாயிற்று. இவற்றுக்கெல்லாம் முன்பாக, 1917ஆம் ஆண்டிலேயே, அரசினரை எதிர்பாராமல் கோழிக்கோட்டில் ஆரிய வைத்திய பாடசாலையை நிறுவிவிட்டார் வாரியர். குருவின் வீட்டு முற்றத்திலே கிடைத்த கல்விக்கு வகுப்பும் பாடத்திட்டமும் பரீட்சையும் வந்தன. உடற்கூறு முதலிய மேனாட்டுப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. 1924இல் அப்பாடசாலை கோட்டக்கல்லுக்கு மாற்றப்பட்டது. இன்று அவர் பெயராலேயே ஆயுர்வேதக் கல்லூரியாக நடைபெற்று வருகின்றது.

பாடசாலை வைத்தபின் பாடநூல் இல்லாத குறை தெரிந்தது. ஆயுர்வேத நூல்களிலே உடற்கூறு சொல்லப்பட்டிருந்தும், பிணத்தை அறுத்துப் பார்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்தமையால் அப்பகுதி வெறுஞ் சொல்லாகிவிட்டது. எத்தனை எலும்பு, எங்கே எந்த நாளம் என்பவற்றிலே மாணவனின் கண் கண்டதும் ஏடு சொல்வதும் ஒத்துவரவில்லை. கல்கத்தாவிலே கவிராசர் கணநாத சேனர் இக்குறையை நீக்கச் சிறிது முன்னரே முயன்றிருந்தார். வாரியர் 1925இல் அஷ்டாங்க சாரீரம் என்னும் நூலை வடமொழிச் செய்யுளாலே இயற்றி வெளியிட்டார். மேனாட்டார் கண்டறிந்த உடற்கூற்றுண்மைகளை ஆயுர்வேதப் பரிபாஷையிலே அமைத்துச் சொல்வது அந்நூல். புதிய பொருளை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ எழுதினால் எளிதாக இருந்திருக்குமே, வடமொழிச் செய்யுள் எதற்கு என்று எமக்குத் தோன்றலாம். எமது எண்ணம் இது: மலையாள எல்லைக்கு அப்பாலுள்ள பண்டிதர்களும் படிக்க வேண்டுமாயின், அதிலும் மறுக்காமற் படிக்க வேண்டுமாயின், அவர்கள் மதிக்கும் உடையிலேதான் அப்பொருள் அவர்கள் முன் செல்ல வேண்டியிருந்தது. பின்னர், 1942இல், பிருகச்சாரீரம் என்னும் விரிவான நூலின் முதற்பாகமும் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது எழுபத்துமூன்று.

1921ஆம் ஆண்டை நாம் தாண்டிச் செல்ல முடியாது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலே திரூரங்காடியில் மூண்ட மாப்பிள்ளைக் கலகம் ஏறநாடு, வள்ளுவநாடு எங்கும் பரவியது. ஆங்கில அரசின்மீதும் நிலச்சுவான்தார்கள்மீதும் இருந்த ஆத்திரம் இடையிலே மதச்சண்டையாகவும் மாறிற்று. இருதரப்பிலும் எண்ணற்றோர் மாண்டனர். நவம்பர் மாதத்திலே திரூரிலிருந்து காற்றுப்புகாத சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளுள் எழுபது பேரளவில் மூச்சுமுட்டி இறந்த கொடுமையும் நிகழ்ந்தது. கோட்டக்கல் இந்த நெருப்பின் நடுவே இருந்த ஊர். இந்துவான ஒரு செல்வரின் பண்டகசாலை அங்கே எவ்வளவு காலம் தப்பியிருக்கும் என்று எவரும் ஐயுறுவர். ஆனால் வாரியரின் வைத்தியசாலையும் இல்லமும் அழியவில்லை. இந்துக்களுக்கும் மாப்பிள்ளைமாருக்கும் அது ஒருங்கே உதவியிடமாக இருந்ததென்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஏழை மாப்பிள்ளைக் குடியானவர்கள் எத்தனையோ ஆண்டுகளாக அவரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்கள். அந்த உறவு ஒரு நாளில் உண்டானதன்று என்பதை இதில் நாம் கவனிக்க வேண்டும். அவர் வாழ்ந்த கைலாச மந்திரம் என்னும் மாளிகையின் முகப்பிலே ஓங்காரமும் சிலுவையும் பிறையும் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். திருநீறணிந்து சிவபூசை செய்யும் வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்பார் எமக்குள்ளும் இருக்கக்கூடும். கண்ணைத் தந்தவர் கிறிஸ்தவர், வாசலில் வந்து நின்ற நோயாளிகளிற் பலர் முஸ்லிம்கள் என்பதை அவர்கள் சிந்திப்பாராக.

கலகம் அடங்கி மூன்றாண்டு செல்லுமுன், 1924இல், கோட்டக்கல்லிலே தர்ம ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பணமில்லாதவர்க்கு வைத்தியமும் மருந்தும் இலவசம். ஆயுர்வேதமும் ஆங்கில வைத்தியமும் ஒரே வளவிலே நடைபெறும் இடமாக அது வளர்ந்தது. இவ்விரண்டையும் பகையாகக் கருதும் மனப்பான்மை எமது நாட்டிலே இன்னும் முற்றாக மறையவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரிலே அப்பகைக்கு இடமிருக்கவில்லை.

மருந்தைப் பற்றியே எழுதிக்கொண்டு போனால் அவர் நாடகப்பித்தரென்பதை மறந்துவிடுவோம். மலையாள மேடையிலே தமிழ்ச் சங்கீத நாடகக் கம்பனிகள் செல்வாக்குப் பெற்றிருந்த நாட்களிலே, 1909இல், பரமசிவ விலாசம் நாடகக் கம்பனி என ஒன்றை அமைத்தார். அதன் பெயரின் முதலெழுத்துக்களும் அவர் பெயரின் முதலெழுத்துக்களும் ஏறக்குறைய ஒன்றே என்பதை ஊரார் கண்டு சிரித்திருப்பார்கள். நாடகக் கம்பனி வைத்தவர்கள் வீட்டை விற்ற கதைகளே நாம் அதிகம் கேட்டவை. இவரிடம் அரிஷ்டம் விற்ற காசு இருந்தது, கம்பனி தாங்கிற்று. முதுமையிலே கதகளியின்பால் மனம் சென்றது. பழைய பிரபுக்கள் ஆதரவு குறைந்து கலைஞர் திண்டாடிய அக்காலத்தில், வள்ளத்தோள் 1930இல் கலாமண்டலத்தை நிறுவிப் பொருளுக்காக அலைந்தார். வாரியர் 1939இல் தமது நாடகச் சங்கத்தைக் கதகளிக் குழுவாக மாற்றி, நடிகர்க்கும் பாடகர்க்கும் மாதச் சம்பளம் கொடுத்தார். பி. எஸ். வி. நாட்டிய சங்கம் என்னும் அக்குழு இன்றும் ஆடி வருகின்றது. விசுவம்பரர் திருக்கோயிலை எழுப்பி, அங்கே ஆண்டுதோறும் திருவிழாவிலே இசையும் கூத்தும் நடைபெற வழிசெய்தவரும் அவரே.

1933ஆம் ஆண்டில் இந்திய அரசினர் அவருக்கு வைத்தியரத்தினம் என்னும் பட்டத்தை அளித்தனர். பட்டங்களைப் பற்றி நாம் அதிகம் சொல்வதற்கில்லை. நாட்டு வைத்தியரை ஐயத்தோடு நோக்கிய ஓர் அரசினர் அதை அளிக்க நேர்ந்தது என்பதே குறிப்பிடத்தக்கது.

சொத்து நிறையச் சேர்ந்துவிட்டது. மலையாளத்திலே மருமக்கள்வழி முறை உண்டு. ஒருவர் தேடிய பொருள் சகோதரிமார் வழியிலே குடும்பத்துக்குச் செல்லும். குடும்பம் பெருகப் பெருகப் பங்கும் வழக்கும் பெருகி, நன்றாக நடந்த தொழில்கள் கோட்டிலே கரைந்துபோனதை அவர் கண்டிருப்பார். நாமும் எமது ஊரிலே கண்டிருக்கிறோம். ஆகவே வைத்தியசாலை எவர்க்கும் பங்கிடப்படாதவாறு ஒரு மரணசாசனம் எழுதி, அதனை அறக்கட்டளையாக்கி, அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். ஆதாயத்தின் ஒரு பகுதி தொழிலின் விருத்திக்கு, ஒரு பகுதி தர்ம ஆஸ்பத்திரிக்கு, மற்றும் வைத்தியக் கல்விக்கு, கதகளிக்கு, குடும்பத்தாரின் தேவைக்கு என்று வகுத்தும் வைத்தார். குடும்பத்தாரை அவர் புறக்கணிக்கவில்லை. அவர்களை உரிமையாளர் என்ற நிலையிலிருந்து காவலர் என்ற நிலைக்கு மாற்றினார். இது வீட்டுக்குள்ளே எளிதாக ஏற்கப்படக்கூடிய காரியமன்று. அதனைத் தாம் உயிரோடிருக்கும்போதே ஐயத்துக்கிடமின்றி எழுதி முடித்தமையிலேதான் அவரின் வாணிகக் கூர்மை முழுவதும் வெளிப்படுகின்றதென்பது எமது துணிபு.

1944ஆம் ஆண்டு சனவரி மாதம் 30ஆந் திகதி, எழுபத்தைந்து வயது நிரம்புவதற்கு ஆறு வாரங்கள் இருக்கையில், வாரியர் காலமானார்.

எழுதிவைத்த சாசனம் நிற்குமா என்பதற்குச் சோதனை விரைவிலே வந்தது. அவருக்குப்பின் பொறுப்பேற்ற மருமகன் முறையினரான பி. மாதவ வாரியர் 1953இல் ஆகாய விமான விபத்தொன்றில் உயிரிழந்தார். தனி ஒருவரின் சொத்தாக இருந்திருப்பின் சாலை அன்றோடு சிதறியிருக்கலாம். அறங்காவலர் குழு இருந்தமையால், மாதவ வாரியரின் இளவலான பி. கே. வாரியர் முப்பத்திரண்டாம் வயதில் அப்பொறுப்பை ஏற்றார். அறுபத்தேழு ஆண்டுகள் அதனை நடத்தி, 2021ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆந் திகதி, நூறு வயது நிரம்பி ஒரு மாதம் கழிந்தபின் மறைந்தார். கோட்டக்கல்லிலும் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலும் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டிலும் மருந்துத் தொழிற்சாலைகள் உள்ளன. கசாயத்தை மாத்திரையாக்கியும் தருகின்றனர். தர்ம ஆஸ்பத்திரியிலே பணமில்லாதவர்க்கு மருந்து இலவசமாகவே கிடைத்து வருகின்றது. அதற்கான பணம் போத்தல் வாங்குபவர் கொடுக்கும் விலையிலிருந்து வருகின்றது.